மட்டக்களப்பின் கழிவுநீரில் நோயைத் தேட எந்த உணரி?

2013 ஆம் ஆண்டு இஸ்ரேலின் ரஹத் நகரக் கழிவுநீரில் போலியோ வைரசு கண்டறியப்பட்டபோது, அந்நாட்டில் வாதம் தாக்கிய நோயாளி ஒருவர்கூட இருக்கவில்லை. 2022 இல் லண்டனின் கழிவுநீரிலும் தடுப்பு மருந்திலிருந்து திரிந்த போலியோ வைரசு அவ்வாறே பிடிபட்டது. இத்தகைய வெற்றிகளைப் படித்துவிட்டுக் கிழக்கிலங்கையில் கலாநிதிப் பட்ட ஆய்வைத் தொடங்குபவர் முதலில் கவனிக்க வேண்டியது, அவ்விரு இடங்களிலும் பல வீடுகளின் கழிவை ஒன்றுசேர்த்துக் கொண்டுவரும் குழாய் வலையமைப்பு இருந்தது என்பதையே. மட்டக்களப்பு நகரிலும், மக்கள் நெருங்கி வாழும் காத்தான்குடியிலும் பெரும்பாலான வீடுகள் தத்தம் மலக்குழிகளையே நம்பியிருக்கின்றன.

குழி நிரம்பியதும் கழிவை உறிஞ்ச வரும் பவுசரிலிருந்து மாதிரி எடுக்கலாமே என்று தோன்றும். ஆனால் அந்தக் கழிவு பல மாதங்களாக, சில வீடுகளில் பல ஆண்டுகளாக, சேர்ந்து கிடந்தது. சென்ற வாரம் யாருக்கு வயிற்றோட்டம் கண்டது என்பதை அது சொல்லாது. வைத்தியசாலை, பல்கலைக்கழக விடுதி போன்ற, ஒரே தொட்டியில் அன்றாடம் கழிவு வந்து சேரும் இடங்களே முன்னெச்சரிக்கைக்கு உதவும். உணரிகளை ஒப்பிடும்போதும் இந்த இடங்களை மனதில் வைத்தே ஒப்பிட வேண்டும்.

ஆய்வு முன்மொழிவுகளில் அதிகம் கவர்ச்சி காட்டுவது, நீரிலேயே அமிழ்த்தி வைக்கக்கூடிய மின்வேதியியல் உணரி. வைரசைப் பற்றிக்கொள்ளும் மூலக்கூறுகள் பூசிய மின்முனை ஒன்று இரவு பகலாகச் செய்தி அனுப்பும் என்பது வாக்குறுதி. கணக்குப் போட்டுப் பார்த்தால் நிலைமை வேறு. ஒரு லீற்றர் கழிவுநீரில் 10,000 வைரசுப் பிரதிகள் இருப்பதாகக் கொள்வோம். மின்முனையைத் தொடும் துளி 50 மைக்ரோலீற்றர் என்றால், அதில் சராசரியாக அரைப் பிரதிதான் இருக்கும். இல்லாததை எவ்வளவு கூர்மையான மின்முனையாலும் உணர முடியாது. இதற்கு மேல், ஓரிரு நாட்களிலேயே மின்முனையில் படியத் தொடங்கும் நுண்ணுயிர்ப் படலம் அதன் அளவீட்டைச் சறுக்க வைக்கும்.

வைரசின் மரபுப்பொருளைப் பல மடங்காகப் பெருக்கிக் கண்டறியும் ஆய்வுகூடப் பிசிஆர் முறை, இந்தக் கணக்கைச் செறிவாக்கத்தால் வெல்கிறது. அதே நீரில் 100 மில்லிலீற்றரை எடுத்தால் அதில் 1,000 பிரதிகள் இருக்கும். அதை 100 மைக்ரோலீற்றராகச் சுருக்கும்போது பாதி இழந்தாலும், சோதனைக்குப் போடும் 5 மைக்ரோலீற்றரில் 25 பிரதிகள் எஞ்சும். பிசிஆருக்கு அது போதும். எண்ணிக்கையைத் தருவதிலும் இதற்கு நிகரில்லை. ஆனால் கருவியின் விலை, டொலரில் வாங்க வேண்டிய இரசாயனங்கள், மாதிரி கெடாமல் காக்கும் குளிர்ப்பதனம் ஆகிய மூன்றும் இங்கே சுமைகளே. 2022 இல் பல மணி நேர மின்வெட்டுகளுக்கு நடுவே ஆழ்குளிர்ப்பெட்டியைக் காப்பாற்றப் பாடுபட்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மாதிரியைக் கொழும்புக்கு அனுப்பலாம் என்றால் அது 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வழி. விடை வருவதற்குள் முன்னெச்சரிக்கை என்ற சொல்லே பொருளிழந்துவிடும்.

மூன்றாவது தெரிவு, 2000 ஆம் ஆண்டு யப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட லாம்ப் என்னும் ஒரே வெப்பநிலைப் பெருக்க முறை. பிசிஆரைப் போல வெப்பத்தை ஏற்றி இறக்கத் தேவையில்லை; சுமார் 65 பாகை செல்சியசில் ஒரு சூடாக்கும் கட்டையும் ஒரு மின்கலமும் இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் விடை கிடைக்கும். இதில் பயன்படும் நொதியம், கழிவுநீரிலுள்ள, வினையைத் தடுக்கும் பொருட்களைக் கூடுதலாகத் தாங்கும். இளஞ்சிவப்பு மஞ்சளாக மாறுவதைக் கண்ணால் பார்த்தே முடிவு சொல்லும் வகைதான் பலருக்கும் பிடிக்கும். எனக்கு அதில்தான் ஐயம். அந்த நிறமாற்றம் அமிலத்தன்மையைப் பொறுத்தது. கழிவுநீரோ தன் அமில, காரத் தன்மையோடு வருவது. ஆகவே மரபுப்பொருளைப் பிரித்தெடுத்த பின்னரே சோதிக்க வேண்டும், அல்லது ஒளிர்வை அளக்கும் வகையைக் கைக்கொள்ள வேண்டும். வினை முடிந்த குழாயைத் திறந்துவிட்டால், பெருகிய மரபுப்பொருள் வெளியே பரவி, அடுத்தடுத்த சோதனைகளெல்லாம் வைரசு இருப்பதாகப் பொய்யாக நேர் காட்டும் அபாயமும் உண்டு. மிகக் குறைந்த அளவு வைரசைப் பிடிப்பதில் பிசிஆரை விடச் சற்றுப் பின்தங்குவதால், செறிவாக்கத்தை இங்கும் தவிர்க்க இயலாது.

அதற்கு மலிவான வழி, 1948 இல் இங்கிலாந்தில் மூர் என்பவர் பயன்படுத்திய துணிப்பொதி. மடித்த கோஸ் துணியை நூலில் கட்டித் தொட்டியின் நுழைவாயிலில் ஓரிரு நாட்கள் தொங்கவிட்டால், ஒரு முறை அள்ளும் போத்தல் நீர் தவறவிடுவதையும் அது பிடித்துவைக்கும். லீற்றருக்கு எத்தனை பிரதி என்று மட்டும் அதனிடம் கேட்க முடியாது.

எனவே துணிப்பொதியும் லாம்பும் களத்தில், பிசிஆர் ஆய்வுகூடத்தில் நடுவராக என்பதே என் தெரிவு. மின்முனையைத் தூக்கி எறியவும் வேண்டாம்: அமோனியத்தையும் மின்கடத்துதிறனையும் நம்பகமாக அளந்து, மாரியில் வெள்ளநீரோ உவர்நீரோ தொட்டிக்குள் புகுந்து கழிவை எவ்வளவு ஐதாக்கியது என்று சொல்வது அதற்கு ஏற்ற வேலை. மாதிரியில் மனிதக் கழிவு எவ்வளவு என்று அறிந்து முடிவைச் சரிசெய்ய, மிளகாய்ச் செடியைத் தாக்கி, உணவோடு உட்சென்று மலத்தில் வெளியேறும் ஒரு வைரசை உலகெங்கும் அளக்கிறார்கள். நம் சமையலறைகளை நினைத்தால் அதற்கு இங்கே பஞ்சம் வராது.

தேடும் நோயையும் இதற்கேற்பத் தெரிய வேண்டும். டெங்கு வைரசு மலசலத்தில் குறைவாகவே வெளியேறும். வயல்களில் பரவும் எலிக்காய்ச்சலோ பெரும்பாலும் விலங்குகளின் சிறுநீர் வழியே வருவது. செங்கண்மாரிக்குக் காரணமான ஹெப்படைட்டிஸ் ஏ, நெருப்புக்காய்ச்சல், வாந்தியும் வயிற்றோட்டமும் உண்டாக்கும் நோரோ வைரசு ஆகியவையே பொருத்தமான இலக்குகள். விடுதியைத் தெரிபவர், அங்கிருப்போர் சிலரே என்பதால் யாரையும் அடையாளம் காட்டாத வகையில் முடிவுகளை வெளியிட முன்கூட்டியே நெறிமுறை அனுமதி பெற வேண்டும். விடுமுறையில் விடுதி வெறுமையாகும் வாரங்களிலும் துணிப்பொதியைத் தொங்கவிட வேண்டும். ஆளில்லாத அந்த நாட்களிலும் புதிதாகத் தொங்கவிட்ட பொதி தொடர்ந்து நேர் காட்டினால், அது தொட்டியின் அடிச்சேற்றிலிருந்து வரும் பழைய மிச்சம் என்று பிரித்தறியலாம்.