ஓசி டவரா, ஆபீஸில் கழித்த பெட்டியா: வேலூர் வீட்டுக்கு ஒரு நாஸ் கணக்கு

வீட்டில் எல்லார் போனும் நிரம்பி வழிந்தபோது ஆரம்பித்த கதை இது. கல்யாண வீடியோ, பிள்ளைகளின் ஆண்டு விழா, அப்பா ஸ்கேன் பண்ணி வைத்த வீட்டுப் பத்திரம் எல்லாம் நாலைந்து பென் டிரைவிலும் ஒரு பழைய எக்ஸ்டர்னல் டிஸ்க்கிலுமாகச் சிதறிக் கிடந்தன. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டு, வீட்டு வைஃபையில் இருக்கும் யாரும் எடுத்துக்கொள்கிற மாதிரி ஒரு நாஸ் (நெட்வொர்க்கில் மாட்டி எல்லாரும் பகிரும் டிஸ்க் பெட்டி) வைத்துவிடலாம் என்று முடிவானது. டிஸ்க் விலை தனி. பெட்டிக்குப் பத்தாயிரத்துக்குமேல் போகக் கூடாது என்பது வீட்டு உத்தரவு.

காட்பாடி மச்சான் சேதி கேட்டதும் தன் பரணில் கிடந்த பழைய டவர் கம்ப்யூட்டரை வண்டியில் கட்டிக்கொண்டு எங்கள் சத்துவாச்சாரி வீட்டுக்கே வந்துவிட்டான். "இன்னா மாமா, சும்மா கெடக்குற பெட்டி. இத வெச்சிக்கினு இன்னொண்ணுக்கு ஏன் காசு போடறீங்க?"

கேள்வி நியாயம்தான். இரண்டாம் தலைமுறை ஐ-3, மதர்போர்டில் டிஸ்க் சொருகும் சாட்டா போர்ட் ஆறு, நாலு டிஸ்க் மாட்ட இடம், நல்ல காற்றோட்டம். இடவசதியில் இதை அடிக்க ஆளில்லை. ஆனால் பிளக்கில் வாட் மீட்டரைச் சொருகிப் பார்த்தேன். ஒரே ஒரு டிஸ்க் மாட்டி, எந்த வேலையும் கொடுக்காமல் சும்மா நிற்கும்போதே 60 வாட்.

நம் ஊரில் கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால் கணக்கையும் அப்படியே போடுவோம். 60 வாட் இரவும் பகலும் ஓடினால் ஒரு நாளைக்கு 1.44 யூனிட், 60 நாளுக்கு 86 யூனிட். அரசு தரும் இலவச யூனிட்டில் பெரிய பங்கை இந்தப் பெட்டியே தின்றுவிடும். ஏசி ஓடுகிற வீட்டில் இதைவிடப் பெரிய அடி ஒன்று இருக்கிறது. மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழே இருக்கும் யூனிட்டுகளுக்கும் விலை ஏறிவிடும். மே, ஜூன் பில்லில் 450-ல் நிற்கும் வீட்டை ஓசி டவர் அந்தப் பக்கம் தள்ளிவிடும். கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றினால் கொஞ்சம் குறையும். குறைந்தும் பெரிய லாபமில்லை.

அடுத்தது ராஸ்பெர்ரி பை என்ற கையளவுக் குட்டிக் கம்ப்யூட்டர். எனக்கு இதன் மேல் பாசம் உண்டு, அதனால் கொஞ்சம் கடுமையாகவே பார்த்தேன். பை 5-உம் ஒரு 2.5 இஞ்ச் டிஸ்க்கும் சேர்ந்து ஆறேழு வாட்டில் அடங்கிவிடும். இரண்டு மாதத்துக்குச் சுமார் பத்து யூனிட்தான். சிக்கல் வேறு இடத்தில். பை 5-க்கு 5 வோல்ட், 5 ஆம்பியர் தரும் அடாப்டர் வேண்டும். வீட்டில் கிடக்கிற போன் சார்ஜர், 65 வாட் என்று போட்டிருந்தாலும், 5 வோல்ட்டில் பெரும்பாலும் 3 ஆம்பியர்தான் தரும். அதைக் கண்டதும் பை தன் யூஎஸ்பி போர்ட் எல்லாவற்றுக்கும் சேர்த்து 600 மில்லி ஆம்பியர்தான் என்று சுருக்கிவிடும். டிஸ்க் சுழல ஆரம்பிக்க அது போதாது. 'டிக்... டிக்...' என்று பல்லி கத்துகிற மாதிரி ஒரு சத்தம், பிறகு டிஸ்க் காணாமல் போய்விடும். நான் டிஸ்க்தான் செத்துவிட்டது என்று அரை நாள் துக்கம் காத்தேன்.

சரியான அடாப்டர், கேஸ், ஃபேன், எஸ்டி கார்டு எல்லாம் சேர்த்தால் பையும் பத்தாயிரத்தைத் தொட்டுவிடுகிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் எஸ்டி கார்டு பழுதாகும் ஆபத்து தனி. வீட்டில் இருக்கும் ஒரே பிரதியை இதை நம்பி வைக்க எனக்கு மனம் வரவில்லை.

சினாலஜி, கியூநாப் மாதிரி ரெடிமேட் பெட்டிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரண்டு டிஸ்க் போடும் சின்னப் பெட்டி, சத்தமில்லை, கரண்டும் கம்மி, போன் ஆப் அருமை. கம்ப்யூட்டர் பக்கமே போகாத வீட்டுக்கு இதைத்தான் சொல்வேன். ஆனால் டிஸ்க் இல்லாத வெறும் பெட்டிக்கே நம் பட்ஜெட்டைப்போல இரண்டு மடங்கு. அந்தப் பணத்துக்கு சினாலஜியின் டிஎஸ்223ஜே-யில் கிடைப்பது 1 ஜிபி ராம், அதையும் கூட்ட முடியாது.

கடைசியில் வாங்கியது ஆபீஸ்கள் கழித்துவிடும் எஸ்எஃப்எஃப் வகை டெஸ்க்டாப். டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் என்று படுக்கை வசத்தில் தட்டையாக இருக்குமே, அது. இப்போது இவை மலிந்து கிடப்பதற்குக் காரணம் உண்டு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்தது. இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கு முந்தையதை, ஒரு சிலதைத் தவிர, விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. அதனால் ஆறு, ஏழாம் தலைமுறை மெஷின்களைக் கம்பெனிகள் மொத்தமாகக் கழிக்கின்றன. நாம் போடப்போவது ஓப்பன்மீடியாவால்ட் என்ற நாஸ் சாஃப்ட்வேர். அது டெபியன் லினக்ஸ் மேல் ஓடுவது, அதற்கு இந்தக் கவலை இல்லை.

ஆறாம் தலைமுறையா, ஏழாம் தலைமுறையா என்றால் ஏழு. ஐபோனின் எச்டிஆர் வீடியோ 10 பிட் எச்இவிசி என்ற வீடியோ வடிவில் வரும். பழைய டிவிக்காக அதை ஓடும்போதே மாற்றிக் கொடுக்கும் வேலையை ஏழாம் தலைமுறைச் சிப் அலட்டாமல் செய்யும். ஆறாம் தலைமுறை மூச்சு வாங்கும்.

காட்பாடியில் ரயிலேறி சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனேன். "சார், ஆபீஸ் பீஸ், கை படாதது" என்றார் கடைக்காரர். கை படாததோ என்னவோ, மூடியைத் திறந்தால் ஃபேனில் கம்பளி மாதிரி தூசி. அது பரவாயில்லை, ஊதினால் போகும். கடையிலேயே பார்க்க வேண்டியவை இரண்டு. ஆபீஸ் மெஷினில் பயாஸை (விண்டோஸுக்கு முன்னால் வரும் செட்டிங்ஸ் திரை) பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருக்கலாம். ஆன் பண்ணி உள்ளே போய்ப் பார்த்தே ஆக வேண்டும். இன்னொன்று, உள்ளே 3.5 இஞ்ச் டிஸ்க் எத்தனை உட்காரும் என்பது: சில மாடலில் ஒன்று, சிலதில் இரண்டு. பவர் சப்ளையும் அந்தந்தக் கம்பெனிக்கே உரிய வடிவம், நம் ஊர்க் கடையில் கிடைக்கும் சாதா எஸ்எம்பிஎஸ் பொருந்தாது. எனக்கு 8 ஜிபி ராமோடு 9,500 ஆனது. டிஸ்க் சுழலும்போது 20 வாட், இரண்டு மாதத்துக்கு 29 யூனிட்.

இதே கம்பெனிகளின் டிபன் பாக்ஸ் அளவு மினி பிசி இன்னும் அழகு. ஆனால் அதில் 3.5 இஞ்ச் டிஸ்க் நுழையாது. 2.5 இஞ்சில் மெல்லிய டிஸ்க் 2 டிபி-யோடு நின்றுவிடும். அதுவும் பெரும்பாலும் எஸ்எம்ஆர் வகை. எஸ்எம்ஆர் என்றால் கூரைக்கு ஓடு வேய்கிற மாதிரி ஒரு தடத்தின் ஓரத்தில் அடுத்த தடத்தை ஏற்றி எழுதுவது. நடுவில் ஒரு ஓட்டை மாற்ற வேண்டுமென்றால் பக்கத்து ஓடுகளையும் கிளப்ப வேண்டுமே, அதுபோல மாற்றி எழுதும்போது டிஸ்க் திணறும். நாஸுக்கு, தடங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாத சிஎம்ஆர் வகையைக் கேட்டு வாங்குங்கள். ஐயன்வுல்ஃப், டபிள்யூடி ரெட் பிளஸ் எல்லாம் சிஎம்ஆர். அவசரத்துக்கு, சிசிடிவி கடைகளில் விற்கும் டபிள்யூடி பர்ப்பிளும் சிஎம்ஆர்தான்.

பெட்டியை வைக்கும் இடத்தில்தான் நான் கோட்டைவிட்டேன். மாடி அறையில், ரவுட்டருக்குப் பக்கத்தில் வைத்தேன். சுற்றிலும் மொட்டைப் பாறை மலை, மேலே காங்கிரீட் தளம். அக்னி நட்சத்திரத்தில் மத்தியானம் மூன்று மணிக்கு டிஸ்க் 54 டிகிரி காட்டியது. பல டிஸ்க்குகளுக்கு 60-தான் எல்லை. இப்போது கீழே மாடிப்படிக்கு அடியில், 15 மீட்டர் லேன் கேபிளோடு இருக்கிறது. கேபிள் இழுக்கும்போது, ஃபைபர்காரர் கொடுத்த பெட்டியில் எது கிகாபிட் போர்ட் என்று பாருங்கள். 100 எம்பிபிஎஸ் போர்ட்டில் சொருகினால் நொடிக்கு 12 எம்பி-யைத் தாண்டாது. கிகாபிட்டில் 110 வரும்.

கரண்ட் போய் வந்தால் தானாக எழுந்துகொள்ள, பயாஸில் 'ஏசி ரெகவரி'யை ஆன் பண்ணி வைக்க வேண்டும். வீட்டு இன்வெர்ட்டரின் பின்னால் யூபிஎஸ் மோட் சுவிட்ச் இருந்தால் அதையும் தட்டிவிடுங்கள். சாதா மோடில் கை மாறும் நேரத்துக்குள் கம்ப்யூட்டர் அணைந்துவிடலாம்.

மச்சானுக்கு டவரைத் திருப்பி அனுப்பும்போது கூடவே ராஸ்பெர்ரி பையையும் அனுப்பினேன், சரியான அடாப்டரோடு. தினமும் ராத்திரி இங்கே புதிதாகச் சேர்ந்தது மட்டும் பாலாற்றைத் தாண்டி அவன் வீட்டு டிஸ்க்குக்கும் போய்விடும். இரண்டாவது பிரதிக்குப் பை தாராளம். முதல் தடவை மட்டும் மொத்தத்தையும் நெட்டில் அனுப்பாதீர்கள். டிஸ்க்கை இங்கேயே சொருகி நிரப்பி, துண்டில் சுற்றி வண்டி டிக்கியில் வைத்து எடுத்துப் போனேன். இருபது நிமிஷத்தில் காட்பாடி.