"ஃபியூச்சர் ப்ரூஃப்" என்று சொல்லி வேறு ப்ராசஸரை மாட்டிவிட்டார்கள்: காரைக்குடி பக்கம் கம்ப்யூட்டர் அப்கிரேடு செய்பவர்கள் கவனிக்கவும்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் கேமிங் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களும், அழகப்பா பல்கலைக்கழக விடுதிகளில் இருக்கும் தம்பிகளும் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். ஐந்து வருஷத்துக்குக் கவலையே இல்லை என்று சொல்லி, நாங்கள் கேட்காத ப்ராசஸரை எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள்.

என் தங்கச்சி மகனுடையது சின்னப் பெட்டி, மினி ஐடிஎக்ஸ். 17க்கு 17 சென்டிமீட்டர் மதர்போர்டு. பி450 என்ற பழைய வகை போர்டில் ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 5 2600 ப்ராசஸர், அதோடு ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு. கார்டுக்கு ப்ராசஸர் ஈடுகொடுக்கவில்லை. இரண்டு வழி இருந்தது. அதே போர்டில் பயாஸை (போர்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்து ரைசன் 5 5600 மாட்டினால் வேறு எதையும் தொட வேண்டாம், செலவும் குறைவு. இல்லையென்றால் ஏஎம்5 என்ற புது சாக்கெட் (ப்ராசஸர் உட்காரும் இடம்) உள்ள போர்டு, அதற்கேற்ற டிடிஆர்5 ரேம், ரைசன் 5 7600 என்று மொத்தமாக மாற வேண்டும். ஏஎம்5 சாக்கெட்டை 2027 வரையும் அதற்குப் பிறகும் தொடர்வோம் என்று ஏஎம்டி சொல்லியிருப்பதால், பின்னால் ப்ராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். கடைக்காரரும் இதைத்தான் அழுத்திச் சொன்னார். சரி, படிக்கிற பிள்ளை, அடிக்கடி செலவு வேண்டாம் என்று இரண்டாவது வழிக்கே போனோம். 7600 என்று வாட்ஸ்அப்பில் எழுதியே அனுப்பினோம்.

30,000 ரூபாய்க்கு மேல் வாங்கிக்கொண்டு அவர் மாட்டிக் கொடுத்தது ரைசன் 5 8500ஜி. பில்லில் "ஏஎம்5 செட்" என்று மட்டும் இருக்கிறது. போய்க் கேட்டால், "அண்ணே, 7600ஐ விட 8500 பெரிய நம்பர். புதுசு. உங்களுக்கு லாபம்தானே" என்கிறார்.

நம்பர் பெரிதுதான். இரண்டுக்கும் 6 கோர் (ப்ராசஸருக்குள் வேலை செய்யும் பகுதி), 12 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலைகள்). அதனால் மேலோட்டமாகப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. உள்ளே 7600இல் ஆறும் ஜென் 4 என்ற வடிவமைப்பில் வந்த முழு கோர். 8500ஜியில் அவை இரண்டுதான், மற்ற நான்கும் ஜென் 4சி என்கிற சின்ன வகை. 7600க்கு எல்3 கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரி) 32 எம்பி, இதற்கு 16. விலை குறைந்த 5600இலேயே 32 எம்பி இருக்கிறது!

இதைவிட வயிற்றெரிச்சல் கார்டு விஷயத்தில். ப்ராசஸரிலிருந்து கார்டுக்குப் போகும் பாதைக்குப் பெயர் பிசிஐஇ, அதில் உள்ள தடங்கள்தான் லேன். 8500ஜி, கிராபிக்ஸ் கார்டுக்கு பிசிஐஇ 4.0இல் நான்கு லேன்தான் தரும். 4060 எட்டு லேன் கார்டு. பழைய பி450 போர்டில் 3.0 வேகத்தில் எட்டு லேனும் ஓடின. 4.0இல் ஒரு லேனுக்கு 3.0ஐப் போல இரண்டு மடங்கு வேகம் என்பதால், 3.0இல் எட்டும் 4.0இல் நான்கும் கணக்குக்கு ஒன்றுதான். இவ்வளவு பணம் கொட்டியும் கார்டுக்குப் போகிற பாதை பழைய அகலத்திலேயே நிற்கிறது. கார்டில் உள்ள 8 ஜிபி மெமரி நிரம்பும்போது அந்தப் பாதை வழியாகத்தான் எல்லாம் வந்து போக வேண்டும். அப்போது கேம் திணறும்.

8500ஜி மோசமான ப்ராசஸர் இல்லை, பழைய 2600ஐ விட வேகம்தான். தனிக் கார்டு வாங்க வசதிப்படாதவர்கள் உள்ளிருக்கும் கிராபிக்ஸை வைத்து ஓட்டுவதற்கு நல்லது. கார்டு வைத்திருக்கும் பையனுக்கு, அதுவும் 7600 என்று பேசி, அதைக் கொடுத்ததுதான் அநியாயம்.

ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் "பஸ் இன்டர்ஃபேஸ்" கட்டத்தைப் பாருங்கள். பக்கத்தில் உள்ள கேள்விக்குறியை அழுத்தி டெஸ்டை ஓடவிட்டால், கார்டு எத்தனை லேனில் ஓடுகிறது என்று காட்டிவிடும். எங்களுக்கு நான்கு என்றுதான் வந்தது. ப்ராசஸரின் பெயர் டாஸ்க் மேனேஜரிலேயே தெரியும். இரண்டையும் கடையில் வைத்தே பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். பில்லில் போர்டு, ப்ராசஸர், ரேம் மூன்றுக்கும் மாடலும் சீரியல் எண்ணும் தனித்தனியாக வர வேண்டும். "சிஸ்டத்துல அப்படித்தான் வரும்ணே" என்று எங்களிடம் சொன்னார்கள். பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போடுவதற்கு சிஸ்டம் எதற்கு?

பழைய சாமானை எக்ஸ்சேஞ்ச் என்று உடனே கொடுக்காதீர்கள். எங்கள் பழைய போர்டையும் 2600ஐயும் ரேமையும் சொற்பத் தொகைக்கு எடுத்துக்கொண்டார்கள். திரும்பக் கேட்டால் விற்றுவிட்டதாகச் சொல்கிறார்கள். அந்த போர்டு கையில் இருந்தால் ஒரு 5600 வாங்கி மாட்டிவிட்டு இந்தப் புது சாமானைத் திருப்பிக் கொடுத்திருப்போம்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தாயிற்று. வாட்ஸ்அப் செய்தி, பில், ஜிபியு-இசட் படம் எல்லாம் கைவசம் இருக்கின்றன. கடைக்காரர் இறங்கி வராவிட்டால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் அங்கே மனுவுக்குக் கட்டணம் கிடையாது. இதே மாதிரி "ஏஎம்5 செட்" பில்லோடு யாராவது இருந்தால் இன்றைக்கே டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள்.