பால் கொடுப்பதில் தாய்க்குக் கிடைப்பது என்ன: மூன்று வழிகள், ஓர் ஒப்பீடு

இலங்கையின் வடக்கே வன்னியில் பிள்ளை பெற்ற வீட்டுக்கு வருவோர் முதலில் கேட்பது "பிள்ளைக்குப் பால் காணுமோ?" என்பதைத்தான். பத்தியக் கறிக்குச் சரக்கு அரைப்பதும், பால் ஊறும் என்று பால்சுறா மீன் தேடிச் சந்தைக்கு ஆள் அனுப்புவதும் அந்தக் கேள்வியை ஒட்டியே நடக்கின்றன. பால் கொடுப்பதால் தாயின் உடலுக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்பவர் அரிது. மார்பில் நேரடியாகக் கொடுப்பது, கறந்து வைத்துக் கொடுப்பது, பால்மா கரைத்துக் கொடுப்பது ஆகிய மூன்றையும் அந்தக் கேள்வியோடு மட்டும் இங்கே ஒப்பிடுகிறேன்.

முதல் நாட்களில் பிள்ளை உறிஞ்சும்போது அடிவயிற்றைப் பிடித்து இழுப்பதுபோல வலிக்கும். இரண்டாம், மூன்றாம் பேற்றில் அது இன்னும் கூடுதலாகத் தெரியும். ஏதோ பிழை என்று அஞ்சிப் பால் கொடுப்பதை நிறுத்தும் தாய்மாரும் உண்டு. உண்மையில் உறிஞ்சலால் சுரக்கும் ஒக்சிடோசின் என்ற ஹோர்மோன் கருப்பையைச் சுருக்கி, குருதி இழப்பைக் குறைக்கும் வேலையின் வலிதான் அது. கையால் கறக்கும்போதும் ஒக்சிடோசின் சுரக்கிறது. பால்மா வழியில் இந்த உதவி இல்லை.

அடுத்த பிள்ளையைத் தள்ளிப்போடுவதில் நேரடி வழிக்கும் கறந்து கொடுப்பதற்கும் இடையே வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது. பிள்ளைக்கு ஆறு மாதம் நிறையாமலும், மாதவிடாய் திரும்பாமலும், இரவும் பகலும் தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் கொடுக்காமலும் இருந்தால், அந்தக் காலத்தில் கருத்தரிப்போர் நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவு. மூன்றில் ஒன்று தவறினாலும் இந்தக் காப்பை நம்ப முடியாது. வேலைக்குப் போய்க் கறந்து கொடுப்பவருக்கு இது அவ்வளவு உறுதியானதல்ல. பால்மா கொடுப்பவருக்கோ சில வாரங்களிலேயே கருத்தரிக்கும் வாய்ப்புத் திரும்பிவிடலாம். இவ்விரு நிலைகளிலும் கிளினிக்கில் குடும்பநல உத்தியோகத்தரிடம் வேறு வழியைக் கேட்டுத் தெரிந்துகொள்வதே நல்லது.

நீண்டகாலப் பயன்களில் மார்பகப் புற்றுநோய் பற்றிய சான்று வலுவானது. 30 நாடுகளின் 47 ஆய்வுகளைத் தொகுத்து 2002இல் வெளியான கணிப்பின்படி, பால் கொடுத்த காலத்தின் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் நோய் வரும் வாய்ப்பு ஒப்பீட்டளவில் 4.3 விழுக்காடு குறைகிறது. பிள்ளைகள் அனைவருக்கும் கொடுத்த மாதங்கள் ஒன்றாகக் கூட்டப்படுவதால், இரண்டு பிள்ளைகளுக்கு ஒன்றரை ஆண்டு வீதம் கொடுத்தவருக்கு அந்தக் குறைவு ஏறத்தாழ 12 விழுக்காடாகும். சூலகப் புற்றுநோயும் இரண்டாம் வகை நீரிழிவும் பால் கொடுத்தோரிடம் குறைவாகக் காணப்படுகின்றன. உடம்பு மெலியும் என்ற பேச்சில் மட்டும் எனக்கு நம்பிக்கை குறைவு. ஆய்வுகள் அதில் ஒருமித்து நிற்கவில்லை.

பால் கொடுப்பது செலவில்லாத காரியமுமன்று. நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாகத் தேவைப்படுவதால், கிளினிக்கில் தரும் திரிபோஷா என்ற சத்துமாவை வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகளுக்குப் பங்கிடாமல் தாய் உண்ண வேண்டும். எலும்பின் அடர்த்தி சற்றுக் குறைந்து, பால் மறந்தபின் பெரும்பாலும் மீள்கிறது. காம்பு வெடிப்பதும், பால் கட்டிக் காய்ச்சல் வருவதும் சிறிய துன்பங்கள் அல்ல. சில மருந்துகளும் நோய்களும் பால்மாவைக் கட்டாயமாக்கும். அந்தத் தாயைக் குற்றம் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனால் அப்போதும் கைக்குழந்தைக்கு உரிய மாவைத்தான் வாங்க வேண்டும், தேநீருக்குக் கரைக்கும் பால்மாவை அல்ல.

வேலைக்குப் போகும் தாய்க்கு, பால்மாவுக்கு மாறுவதைவிடக் கறந்து வைப்பதையே நான் முன்வைப்பேன். கறக்கக் கறக்கத்தான் பால் ஊறும், மார்பும் கட்டாது. 25 பாகை வெப்பநிலையில் 4 மணி நேரம் வரை தாய்ப்பாலை வெளியே வைக்கலாம் என்பர். வன்னியின் சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் அந்தக் கணக்கு செல்லாது. குளிர்ப்பெட்டியில் 4 நாள் வரை வைக்கலாம். கறப்பதற்கு நேரம் வேண்டுமே என்றால், ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தொழிலாளருக்கு இலங்கையின் மகப்பேற்று நன்மைகள் சட்டம் ஒன்பது மணி நேர வேலைக்குள் இரண்டு இடைவேளைகளைத் தருகிறது. வேலைத்தலத்தில் பிள்ளை பராமரிப்பிடம் இல்லையெனில் அவை ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது.