யேல் பல்கலைக்கழகத்தின் இலவச இணையப் பாடங்கள்: துறையைத் தேர்ந்தெடுக்கும் முன் கேட்டுப் பார்க்கலாம்

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் 2007 டிசம்பரில் தொடங்கிய 'ஓப்பன் யேல் கோர்சஸ்' என்னும் இணையச் சேவையை, மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எஸ்.பி.எம். (படிவம் ஐந்து இறுதித் தேர்வு), எஸ்.டி.பி.எம். (பல்கலைக்கழகப் புகுமுகத் தேர்வு) மாணவர்களுக்கு டியூஷன் எடுக்கும் ஒருவர் என்ற முறையில் இங்கே மதிப்பிடுகிறேன். வகுப்பறையில் நடந்த ஏறத்தாழ நாற்பது அறிமுகப் பாடங்களை அப்படியே படம்பிடித்து, விரிவுரைகளைக் காணொளியாகவும் ஒலிப்பதிவாகவும் எழுத்து வடிவிலும் வைத்திருக்கிறார்கள். கட்டணம் இல்லை, பெயர் பதிய வேண்டியதில்லை. படித்து முடித்தாலும் சான்றிதழ் கிடையாது.

சான்றிதழ் இல்லாத படிப்பினால் என்ன பயன் என்று பெற்றோர் கேட்பது நியாயமே. ஆனால், அரசுப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கான யூ.பி.யூ. விண்ணப்பத்தை நிரப்பும் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் துறையின் பெயரை மட்டும் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். வீட்டிலிருந்து முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போகும் பிள்ளைக்கு, மெய்யியல் என்றால் என்ன, பரிணாம உயிரியலில் எதைப் படிப்பார்கள் என்று எடுத்துச் சொல்ல அக்கம்பக்கத்தில் ஆள் இருப்பதில்லை. டாக்டர், வக்கீல், எஞ்சினியர், ஆசிரியர் என்பதோடு நம் பேச்சு நின்றுவிடுகிறது. ஒரு துறையின் முதல் மூன்று விரிவுரைகளைக் கேட்டுவிட்டால், இது நமக்கு ஒத்துவருமா என்பது ஓரளவு தெரிந்துவிடும். அந்த வேலைக்கு இந்தச் சேவையைவிடப் பொருத்தமான ஒன்றை நான் பார்த்ததில்லை.

நான் முதலில் பரிந்துரைப்பது வரலாற்றாசிரியர் ஃபிராங்க் ஸ்னோடன் 2010-இல் நடத்திய கொள்ளைநோய்களின் வரலாறு. பிளேக், பெரியம்மை, காலரா என்று நகரும் அந்தப் பாடத்தில் மலேரியாவுக்கு மட்டும் இரண்டு விரிவுரைகள் உண்டு. அவர் பேசுவது இத்தாலியைப் பற்றி. காய்ச்சல் பிடித்த சமவெளிகளில் கூலிக்கு உழைத்த ஏழைகளைப் பற்றியும், அரசே முன்னின்று கொய்னா (குயினின்) மருந்து வழங்கி அந்நோயை எதிர்கொண்டதைப் பற்றியும். ஆனால் கொய்னா என்ற சொல் காதில் விழுந்ததும் நம்மவர்க்குத் தாத்தா பாட்டி சொன்ன தோட்டக் கதைகள் நினைவுக்கு வராமல் போகாது. அதே காலத்தில், 1901-இல், மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் மலாயாவின் கிள்ளானில் சதுப்பு நிலங்களின் நீரை வடியவைத்து மலேரியாவைக் குறைத்தார். இதை ஸ்னோடனின் விரிவுரைகளோடு சேர்த்துப் படிக்கும் மாணவருக்கு, கொசுவும் கூலியும் நிலவுடைமையும் எப்படி ஒன்றோடொன்று பிணைந்தவை என்பது விளங்கும். பெயர்களையும் ஆண்டுகளையும் மனப்பாடம் செய்வதே வரலாறு என்று எண்ணியிருந்த படிவம் ஐந்து மாணவி ஒருவர், இந்த இரண்டு விரிவுரைகளுக்குப் பிறகு தம் பாட்டியிடம் போய் லயத்து (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) மருந்துக் கொட்டகையைப் பற்றி விசாரித்து எழுதிக்கொண்டு வந்தார்.

ஷெல்லி கேகன் நடத்தும் 'மரணம்' என்ற மெய்யியல் பாடம் வேறு வகை. மேசைமீது சம்மணமிட்டு அமர்ந்துகொண்டு, ஆன்மா என ஒன்று இல்லை என்பதே தம் முடிவு என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டுத்தான் வாதத்தில் இறங்குகிறார். தேவாரம் ஒலிக்கும் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு அவரோடு சண்டை போடத் தோன்றும். தோன்றட்டும், பாடத்தின் நோக்கமே அதுதான். பொருளியல் பேராசிரியர் பென் போலாக்கின் ஆட்டக் கோட்பாட்டு வகுப்பில் மாணவர்கள் 1 முதல் 100 வரை ஆளுக்கோர் எண்ணை எழுதித் தருகிறார்கள். எல்லா எண்களின் சராசரியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மிக அருகில் வருபவர் வெல்வார். சராசரி 50 என்று கொண்டால் 33 எழுத வேண்டும். எல்லாரும் அப்படியே நினைத்தால் 22. அடுத்தவர் எவ்வளவு தூரம் யோசிப்பார் என்று கணிப்பதுதான் ஆட்டம். எங்கள் டியூஷன் வகுப்பில் இதை விளையாட வைத்தேன். பொருளியல் பக்கமே போகமாட்டேன் என்றிருந்தவர்கள் மணி அடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை.

இயற்பியல் நடத்தும் ஆர். சங்கர் சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்றவர். நகைச்சுவையாகப் பேசுவதால் எளிது என்று நினைத்துவிடக் கூடாது, எஸ்.பி.எம். கூடுதல் கணிதத்தில் நுண்கணிதத்தைச் சரியாகப் பிடித்தவர்களுக்கே அது ஓடும்.

குறைகளும் உண்டு. பெரும்பாலான பதிவுகள் 2006-க்கும் 2011-க்கும் இடைப்பட்டவை. ஈர்ப்பலைகள் முதன்முதலாக நேரடியாகக் கண்டறியப்பட்டது 2015-இல். கருந்துளையின் முதல் படம் வெளியானது 2019-இல். ஆகவே அங்குள்ள வானியற்பியல் பாடத்தை அடிப்படைக்காக மட்டுமே கேட்க வேண்டும். ஐயம் கேட்க ஆளில்லை. தமிழிலோ மலாயிலோ எதுவும் இல்லை. ஆங்கிலம் தடுமாறுபவர்கள் எழுத்து வடிவை முதலில் படித்துவிட்டுக் கேட்பது நல்லது. இவற்றைவிட எனக்கு உறுத்துவது, ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் இத்தனை வரலாற்றுப் பாடங்கள் இருக்க, தென்னிந்தியாவும் தென்கிழக்காசியாவும் பட்டியலில் கண்ணில் படாததுதான். அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த எலிஹு யேல் சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்து பணம் சேர்த்தவர் என்பதை நினைத்தால், ஒரே ஒரு பாடமாவது நமக்கு வைத்திருக்கலாம்.

எண்ணிக்கைதான் முக்கியம் என்றால் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் நடத்தும் ஓப்பன் கோர்ஸ்வேர் இணையத்தளத்தில் 2,500-க்கும் மேற்பட்ட பாடங்கள் உள்ளன. ஆனால் அவற்றுள் பலவற்றில் குறிப்புகளும் கணக்குகளும் மட்டுமே இருக்கும். கணிதத்தில் அடிப்படையே ஆட்டம் கண்டிருந்தால் கான் அகாடமி இணையத்தளத்துக்குப் போகலாம். தமிழ் இலக்கியத்துக்கு மதுரைத் திட்டத்தின் மின்னூல்களும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகமும் இருக்கின்றன.

உட்பகுதித் தோட்டங்களில் இணைய லைன் சரியாகக் கிடைக்காதவர்கள், டவுனுக்கு வரும்போது ஒலிப்பதிவுகளை இறக்கி வைத்துக்கொள்ளலாம். ஸ்னோடனையும் கேகனையும் ஃபேக்டரி பஸ்ஸில் ஈப்போ போய் வரும்போது ஒவ்வொரு விரிவுரையாகக் கேட்கலாம். சங்கரின் இயற்பியலுக்கு மட்டும் கரும்பலகையைப் பார்த்தாக வேண்டும். அதையும் கைப்பேசித் திரையில் பார்ப்பதைவிட மடிக்கணினியில் பார்ப்பது நல்லது.