காத்தான்குடியில் ஒரு சைக்கிள் கடை: அசையாத கிராங் போல்ட்

கடைக்குப் பெயர்ப்பலகை இல்லை. காத்தான்குடி பிரதான வீதியின் நடுவே பேரீச்சை மரங்கள் நிற்கின்றனவே, அங்கிருந்து ஓர் ஒழுங்கைக்குள் இறங்கினால் பழைய ரயர்கள் தொங்கும் தகரக் கொட்டில். கடைக்காரரை எல்லோரும் காக்கா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்கள்.

மகன் ரியூசனுக்கு ஓடும் கியர் சைக்கிள், மிதிக்கிற நேரமெல்லாம் 'கடக் கடக்' என்றது. இரண்டு கிராங்கையும் (பெடல் பூட்டியிருக்கும் கைகள்) இணைக்கும் நடு அச்சில் போல்ஸ், அதாவது உருளும் இரும்புக் குண்டுகள், தேய்ந்திருக்க வேண்டும். பார்ப்பதென்றால் கிராங்கைக் கழற்ற வேண்டும். முதலில் வேறொரு கடைக்குத்தான் போனேன். அங்கிருந்த பொடியன் ஸ்பனருக்குக் குழாய் போட்டு, அதில் ஏறி நின்றும் பார்த்தான். கிராங்கை அச்சோடு பிடிக்கும் இடப்பக்கப் போல்ட் அசையவில்லை. "கறள் புடிச்சிட்டு அண்ணன், வெட்டித்தான் எடுக்கணும்" என்று எல்லாம் புதிதாகப் போட 8,500 ரூபாய் சொன்னான். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.

காக்கா குந்தியிருந்து டோர்ச் அடித்துப் பார்த்தார். "தம்பி, இது கறள் மட்டுமில்ல. ஆரோ நல்லா இறுக்கி வெச்சிருக்காங்க."

விசயம் இதுதான். இடப்பக்கப் பெடலுக்கு எதிர்ப்புரி. மணிக்கூட்டு முள் சுற்றும் பக்கம் திருப்பினால்தான் கழரும். கிராங் போல்ட் அப்படியில்லை. இரண்டு பக்கமும் சாதாரணப் புரிதான், இடப்பக்கம் திருப்பினால் கழரும். பொடியன் பெடலை நினைத்துக்கொண்டு போல்ட்டைத் திருப்பியிருக்கிறான். அவன் ஏறி நின்றதெல்லாம் இறுக்குவதற்கு! போதாக்குறைக்குப் பன்னிரண்டு மூலை சொக்கெட்டைப் போட்டுத் தலையின் மூலைகளையும் மழுக்கிவிட்டான்.

கறளும் பொய்யில்லை. போல்ட்டை மூடும் பிளாஸ்டிக் மூடி எப்போதோ விழுந்துவிட்டது. நாவற்குடாக் கடற்காற்றும் மழையும் அந்தக் குழிக்குள் நேராகப் போயிருக்கின்றன.

காக்கா கம்பியால் குழியைச் சுரண்டினார், செம்மண் மாதிரிக் கொட்டியது. எண்ணெய் அடித்து, போல்ட் தலையில் சுத்தியலால் நாலு தட்டு, பலமாக இல்லை. "அஸர் தொழுதிட்டு வாறன், அது ஊறட்டும்." வந்து இன்னொரு தரம் எண்ணெய். அப்புறம் ஆறு மூலை 14 மில்லிமீற்றர் சொக்கெட்டைத் தட்டி இறக்கினார். ஆறு மூலை தலையின் தட்டைப் பக்கங்களைப் பிடிக்குமாம், மழுங்கிய மூலைகளை நம்பியிராதாம். என்னை மற்றப் பக்கப் பெடலைப் பிடிக்கச் சொல்லிவிட்டு நீளக் குழாயை ஒரே சீராக அமத்தினார். 'டக்'. முறிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். கழன்றிருந்தது.

போல்ட்டையும் வாஷரையும் எடுத்த பிறகுதான் கிராங்கை இழுத்தெடுக்கும் புல்லரைப் பூட்டினார், கிராங் வழுக்கிக்கொண்டு வந்தது. புதுப் போல்ட், புது அச்சு, கிறீஸ், கூலி எல்லாம் சேர்த்து 2,600 ரூபாய். கொஞ்சத் தூரம் ஓடிவிட்டு மறுபடி இறுக்கக் கொண்டுவரச் சொன்னார். ஆடுகிற கிராங்கோடு ஓடினால், அச்சில் மாட்டும் அதன் அலுமினியச் சதுரத் துளை அகன்றுபோகும், பிறகு எந்தப் போல்ட்டும் பிடிக்காது.

குறை இல்லாமலில்லை. அவசரமென்றால் அங்கே போகாதீர்கள், வேலைக்கு நடுவே ஊர்க்கதை முழுக்கக் கேட்க வேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம் கடை பூட்டு. பிரேக்கைக் கேட்காமலே இறுக்கிவிடுவார், வீட்டுக்கு வந்து நான் தளர்த்தினேன். பற்றுச்சீட்டும் கிடையாது.

விழுந்த மூடிக்குப் பதிலாக ஒரு பழைய கிராங்கிலிருந்து கழற்றி ஒன்று போட்டுத் தந்தார், அதற்குக் காசு எடுக்கவில்லை. கறுப்பு சைக்கிளில் நீல மூடி. மகனுக்குத்தான் பிடிக்கவில்லை.