ஓவிய நடையில் 'ஒரிஜினல்' என்று விற்ற பிரிண்ட்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

சென்னையில் மண்ணடி, ராயபுரம் பக்கம் கலைக்கூடங்களை நடந்தே சுற்றிப் பார்க்கும் மாலை நேர ஓவிய நடைக்குப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். வழியில் இருந்த ஒரு கலைக்கூடத்தில் 'கையால் வரைந்த அக்ரிலிக், ஒரே பிரதி' என்று ரூ.18,000-க்கு விற்ற படகுத்துறைக் காட்சி, கேன்வாஸில் அடித்த இங்க்ஜெட் பிரிண்ட். வாங்கியவர் ஃப்ரேம் மாற்றக் கொடுத்தபோதுதான் தெரிந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "பில்லில் சுவர் அலங்காரம்னுதானே போட்டிருக்கு" என்று பதில் வந்தது.

செய்யும் விதம் இதுதான். பிரிண்ட்மேல் ஜெல் மீடியம் என்ற நிறமற்ற பசையைத் தூரிகையால் தடவுவார்கள். காய்ந்தால் தடம் மேடாக நிற்கும். மஞ்சள் ஸ்பாட்லைட்டில் நேராக நின்று பார்த்தால் பழகிய கண்ணும் ஏமாறும். செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில், சுவரை ஒட்டிப் பிடியுங்கள். படகின் விளிம்பு வளைந்து போக, பசைத் தடம் அதன் குறுக்கே நேராகப் போனால் சந்தேகம் வேண்டாம். கையால் வரைந்ததில் நிறமும் தடமும் ஒரே இழுப்பில் வருவதால் இப்படிப் பிரிந்து நிற்காது. சவுகார்பேட்டை நகைப்பட்டறைகளில் வைத்திருக்கும் 10 மடங்கு லூப் (பெரிதாக்கிக் காட்டும் சிறு கண்ணாடி) இருந்தால் சாம்பல் நிறப் பகுதியைப் பாருங்கள்: பிரிண்ட் என்றால் பல நிறப் பொடிப் புள்ளிகள் தெரியும். மூன்று நான்கு இடத்தில் பாருங்கள், ஏனென்றால் சிலர் அங்கங்கே நிஜ வண்ணமும் வைத்துவிடுகிறார்கள். கேன்வாஸ் மடியும் மூலைகளையும் பார்க்கத் தவறாதீர்கள். பிரிண்டின் மேல்பூச்சு அங்கே வெடித்து வெள்ளைக் கோடு காட்டும்.

பிரிண்ட் விற்பதே தவறு என்று சொல்லவில்லை. தகட்டின் அழுத்தத் தடத்தோடு, 7/30 (முப்பது பிரதிகளில் ஏழாவது) என்று பென்சிலில் எண்ணிட்டு ஓவியர் கையெழுத்திட்ட எட்சிங் (உலோகத் தகட்டை அரித்து, அதிலிருந்து எடுக்கும் அச்சு) அருமையான கலை. அதை எட்சிங் என்று சொல்லியே விற்க வேண்டும்.

தஞ்சாவூர் ஓவியத்தில் ஏமாற்று ரேக்கில், அதாவது படத்தில் ஒட்டும் மெல்லிய உலோகத் தகட்டில். 22 காரட் தங்க ரேக் கறுக்காது. பித்தளை ரேக், ராயபுரம் காசிமேடு உப்புக்காற்றில் சீக்கிரமே பச்சையோடிக் கறுக்கும். 'பட்டறையில் சொன்னாங்க' என்பது போதாது. '22 காரட் ரேக்' என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

பில்லில் ஓவியர் பெயர், தலைப்பு, ஆண்டு, அளவு, எதில் எந்த வண்ணத்தில் வரைந்தது, 'கையால் வரைந்த அசல்' என்ற சொற்கள் எல்லாம் இருக்க வேண்டும். எஸ்டிமேட் சீட்டும், யாரோ ஒருவரின் சொந்த எண்ணுக்கு ஜிபேயும் வேண்டாம். பிறகு அனுப்புகிறோம் என்றால் படத்தின் பின்பக்கத்தில் கையெழுத்துப் போடச் சொல்லி, அதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். படம் மாறி வருவதும் நடக்கிறது.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. அதுவரை படத்தை ஃப்ரேமிலிருந்து கழற்றாதீர்கள், கழற்றினால் 'நீங்களே மாற்றிவிட்டீர்கள்' என்பார்கள். விற்றபோது போட்ட விளம்பரத்தையும், 'ஒரிஜினல்' என்று வந்த வாட்ஸாப் செய்தியையும் அழிக்காமல் வையுங்கள்.