நெடுந்தீவா, மன்னார்த் தீவா? இரண்டு நாள் ஓய்வுக்கு எது?

இலங்கையின் வடக்கிலுள்ள இந்த இரண்டு தீவுகளிலும் பெருக்குமரம் (பாவோபாப்) நிற்கிறது. இரண்டிலும் பழைய கோட்டை இருக்கிறது. கட்டாக்காலியாகத் திரியும் விலங்குகளும் உண்டு: நெடுந்தீவில் மட்டக்குதிரை, மன்னாரில் கழுதை. படங்களைப் பார்த்து எதைத் தேர்வது என்று குழம்புவது இயல்புதான். உண்மையான வேறுபாடு போகும் வழியில் இருக்கிறது. மன்னாருக்குப் பாலமும் தண்டவாளமும் உண்டு. நெடுந்தீவுக்குக் கடல் மட்டுமே.

யாழ்ப்பாணத்திலிருந்து 776ஆம் இலக்க பஸ் பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போகிறது. அங்கிருந்து படகில் ஏறத்தாழ ஒரு மணிநேரம். நயினாதீவுப் படகும் இதே துறையில்தான் நிற்கும். திருவிழா நாட்களில் கூட்டத்தோடு கூட்டமாக அதில் ஏறிவிடுபவர்கள் உண்டு, கேட்டுவிட்டு ஏறுங்கள். கீழ்த்தட்டில் டீசல் புகையும் புழுக்கமும் சேர்ந்து வயிற்றைப் பிரட்டும், ஆகவே மேலே இடம் பிடிப்பது நல்லது. நேரங்கள் கடலையும் காற்றையும் பொறுத்து மாறும் என்பதால், முதல்நாளே தங்குமிடத்தாரிடம் விசாரியுங்கள்.

பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான். காலைப் படகில் போய்ப் பிற்பகல் படகில் திரும்பினால் கையில் கிடைப்பது நான்கைந்து மணிநேரம். அதற்குள் ஆட்டோவில் கோட்டை, பழைய புறாக்கூட்டுக் கட்டடம், பெருக்குமரம், தென்முனைக் கோபுரம் என்று ஓடி, உச்சிவெயிலில் களைத்துத் திரும்ப வேண்டியதுதான். பகல்பயணிகளின் கடைசிப் படகு போன பிறகுதான் நெடுந்தீவின் அமைதி தொடங்குகிறது. ஓர் இரவாவது தங்காவிட்டால் அந்தத் தீவைப் பார்த்ததாகவே கணக்கில்லை.

தங்கினால் சைக்கிள் போதும். தீவு தட்டையானது, பரப்பு சுமார் 50 சதுர கிலோமீட்டர். சாந்து பூசாமல் பவளக்கல்லை அடுக்கிக் கட்டிய வேலிகள் ஒழுங்கைகளின் இருபுறமும் நீளும். அதற்காகவே மெதுவாகப் போகலாம். குதிரைகள் தெற்கு, மேற்குப் புல்வெளிகளில் மேயும், வெயில் ஏறுமுன் போங்கள். நிழல் குறைவு, பல கிணறுகள் உவர், கடைகளும் சில. ஒருவருக்கு 3 லீட்டர் தண்ணீர், தொப்பி, கைக்காசு, அடையாள அட்டை அவசியம். மாவிலித்துறையில் 1985இல் குமுதினி என்ற பயணிகள் படகில் கொல்லப்பட்டவர்களின் நினைவிடம் இருக்கிறது. அங்கே ஒரு நிமிடம் நின்று போவது நம் கடமை.

மன்னார் உடம்புக்கு இலகு. கொழும்பிலிருந்து ரயிலிலேயே தலைமன்னார் வரை போகலாம். 1990இல் அறுந்த பாதை 2015இல் மீண்டும் திறந்தது. 1914இல் தனுஷ்கோடிக்குக் கப்பல் இணைப்பு தொடங்கியதும் இந்தத் துறையிலிருந்துதான். பாலம் தாண்டியதுமே வரும் கோட்டை 1560இல் போர்த்துக்கேயர் கட்டியது, 1658இல் ஒல்லாந்தர் வசமானது. பள்ளிமுனைப் பெருக்குமரத்தின் சுற்றளவு 19 மீட்டருக்கு மேல். ஆனால் நெடுந்தீவு மரத்தின் பொந்துக்குள் நுழைந்து நிற்பதுபோல் இங்கே முடியாது. குளிப்பதற்கு மன்னாரின் மணற்கரையே மேல், நெடுந்தீவுக் கரையில் பெரும்பகுதி காலைக் கிழிக்கும் பவளக்கல். குறை என்னவென்றால், மன்னார் நகரம் சந்தடியானது. அறையைத் தலைமன்னார்ப் பக்கம் எடுங்கள்.

பருவம் முக்கியம். சோளகம் (தென்மேற்குப் பருவக்காற்று) வீசும் மே முதல் செப்டெம்பர் வரை நெடுந்தீவுக் கடல் கொந்தளிக்கும், படகு நிற்கவும் கூடும். குதிரைகளும் தண்ணீரின்றி வாடும். அப்போது போகாதீர்கள். மாரி ஓய்ந்த பின், பெப்ரவரி, மார்ச்சில் கடலும் அடங்கியிருக்கும், புல்லும் மிஞ்சியிருக்கும். மன்னாருக்கு டிசெம்பர் முதல் பெப்ரவரி: பாலத்துக்கு இக்கரையிலுள்ள வங்காலைச் சரணாலயத்தில் பூநாரைகளைப் பார்க்க அதுவே காலம்.

முழங்கால் வலியுள்ள பெரியவர்களோ கைக்குழந்தையோ கூட வந்தால் மன்னார்தான். ஆடும் படகில் கால்வைத்து ஏறி இறங்குவது அவர்களுக்குச் சிரமம். மற்றவர்களுக்கு நெடுந்தீவு, ஓர் இரவோடு. இரவுச் சாப்பாட்டை மட்டும் வரும்முன்பே சொல்லிவிடுங்கள், அங்கே நினைத்தவுடன் போய்ச் சாப்பிடக் கடை கிடைக்காது.